யாழ்ப்பாணத்துக்கு மேலே 17 கிலோமீற்றரில்

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறும் தை மாதத்தில், அதே வானத்தில் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை மறை 80 பாகை செல்சியசுக்கும் கீழே போய்விடும். பயணிகள் விமானம்கூட வழக்கமாக 12 கிலோமீற்றர் வரைதான் ஏறும். நிலம் வெந்து கிடக்கும் வெப்பவலயத்துக்கு மேலேதான் இத்தனை குளிர். அதற்கு மேலே, ஓசோன் இருக்கும் படைமண்டலம் என்ற காற்றடுக்குக்குள் எவ்வளவு நீராவி போகலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த மெல்லிய குளிர்ப்படைதான். உலகம் முழுவதற்கும் இதுதான் வாசல்.

புழுக்கமான நாளில் நம் முற்றத்துக் காற்றில் பத்து இலட்சம் மூலக்கூறு எடுத்தால் 30,000 வரை நீராவியாக இருக்கும். படைமண்டலத்துக்குள் நுழையும் காற்றிலோ வெறும் நான்கு! மிச்சமெல்லாம் வழியிலேயே பனிப்பளிங்காகி விழுந்துவிடுகிறது. வளிமண்டல ஆய்வாளர் அலன் புரூவர் இங்கிலாந்துக்கு மேலே விமானத்தில் வைத்து அளந்தபோது, அங்குள்ள குளிர் உலர்த்தக்கூடியதைவிடக் காற்று உலர்ந்திருந்தது. அப்படியென்றால் அது வேறெங்கோ, இன்னும் குளிரான இடத்தால் மேலே ஏறியிருக்க வேண்டும். அந்த இடம் வெப்பவலயம் என்று 1949 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் காட்டினார். அழகான துப்பறிவு அது.

சரி, சூரியன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு மேலே ஏன் இந்தக் குளிர்? ஏறும் காற்று விரியும், விரியும்போது குளிரும். இந்த உயரத்துக்கு மேல் காற்றை ஏற்றுவது இடிமுகில் அல்ல. மாரியில் வட அரைக்கோளத்து மலைகளும் கண்டங்களும் கிளப்பும் மிகப்பெரிய அலைகள் படைமண்டலத்தில் போய் உடைகின்றன. அவை வெப்பவலயக் காற்றை மெதுவாக மேலே இழுக்கின்றன, ஒரு நாளைக்குச் சில பத்து மீற்றர்தான். தையில் அந்த இழுவை பலம், அதனால் குளிரும் அதிகம். சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் இழுவை தளர்ந்து வாசல் சற்றுச் சூடாகிறது, கூடுதல் நீராவி நுழைகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒலிப்பதிவு நாடாவில் பதிந்ததுபோல் காற்றோடு மேலேறிப் போவதைச் செய்மதிகள் காட்டியிருக்கின்றன.

காற்று நேரே ஏறுவதுமில்லை. கிழமைக்கணக்காகப் பக்கவாட்டில் அலைந்து, இந்தோனேசியா, மேற்குப் பசுபிக் பகுதிகளுக்கு மேலுள்ள கடுங்குளிரைக் கடக்கிறது. எவ்வளவு நீராவி மிஞ்சும் என்பதற்கு, வழியில் பட்ட ஆகக்கூடிய குளிர்தான் கணக்கு.

இங்கே ஒரு பாகை சிறிய விடயமல்ல. நிலமட்டத்தில் ஒரு பாகை கூடினால் காற்று தாங்கும் நீராவி 6 சதவீதம் அளவில் கூடும். அந்தக் குளிரில் அது 17 சதவீதம். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் வாசல் குளிர்ந்து, படைமண்டல நீராவி பத்தில் ஒரு பங்கு அளவில் குறைந்தது. நீராவி வெப்பத்தைப் பிடிக்கும் வாயு என்பதால், அடுத்த பத்தாண்டில் பூமி சூடாகும் வேகம் தணிந்ததில் அதற்கும் பங்குண்டு என்று 2010 இல் வளிமண்டல ஆய்வாளர் சூசன் சொலமன் குழுவினர் கணித்தனர். பூமி சூடாகச் சூடாக வாசலும் சூடாகும் என்றே காலநிலை மாதிரிகள் சொல்கின்றன. நம்மை உண்மையில் கவலைப்படுத்த வேண்டியது இதுதான்.

வாசலைத் தாண்டாமலே நீர் மேலே போனதும் உண்டு. 2022 ஜனவரி 15 அன்று பசுபிக் தீவு நாடான தொங்காவின் கடலடி எரிமலை வெடித்து, ஏறத்தாழ 15 கோடி தொன் நீரை நேரே படைமண்டலத்துக்குள் வீசியது. அங்கிருந்த மொத்த நீராவியில் அது பத்தில் ஒரு பங்கு. அங்கே மழை இல்லை. ஆகவே காற்று துருவங்களை நோக்கி நகர்ந்து கீழிறங்கும் வரை, ஆண்டுக்கணக்காக, அந்த நீர் மேலேயே இருக்கும்.