தேக்குப் பலகை விழாது என்று யார் சொன்னது?

சென்ற வாரம் காலை ஆறரை மணிக்கு ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், மகள் படிக்கும் மேசைக்கு மேலே மாட்டியிருந்த நான்கடிப் பலகை மேசை மேலேயே கிடந்தது. அதிலிருந்த அகராதிகள், ஒரு பரிசுக் கோப்பை, செடி வைத்த கண்ணாடிச் சாடி எல்லாம் தரையில். நாற்காலியின் முதுகுச் சட்டம் உடைந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு விழுந்திருக்கிறது. அந்தப் பெண் பத்தரைக்குத்தான் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள்.

அவளுடைய அப்பா பலகையைக் கையில் தூக்கிக் காட்டினார். "தேக்குங்க. ஒன்றரை இன்ச் தேக்கு. ஒரு கீறல்கூட இல்ல பாருங்க. இது எப்படி விழும்?" உண்மைதான், பலகையில் ஒரு கீறலும் இல்லை. சுவரில் மட்டும் நான்கு ஓட்டைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. அடியில் சிமெண்ட் பொடி.

இந்த ஆண்டில் இப்படி நான் பார்க்கும் ஐந்தாவது பலகை இது. ஐந்திலும் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து வீட்டிலும் கேட்ட கேள்வியும் இதேதான். இருபது வருடத்துக்கு மேலாகத் தச்சு வேலை செய்கிறேன். ஒவ்வொரு வீடாக நின்று இதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எந்தப் பிள்ளைக்காவது அடிபட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மரம் நல்லதாக இருந்தால் அலமாரி தாங்கும் என்று நினைக்கிறோம். தட்டிப் பார்க்கிறோம், வைரம் பாய்ந்ததா என்று கேட்கிறோம், இழை ஓட்டம் பார்க்கிறோம். எல்லாம் சரி. ஆனால் சுவரில் மாட்டிய பலகை நடுவில் உடைந்து விழுந்ததை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். விழுகிறவை எல்லாம் சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழுகின்றன. அப்படியிருக்கும்போது பலகையை இன்னும் கெட்டியாக வாங்கினால் என்ன ஆகும்? சுவர் சுமக்கும் பாரம் கூடும், அவ்வளவுதான். அந்த வீட்டுப் பலகை நான்கடி நீளம், பத்து இன்ச் அகலம், ஒன்றரை இன்ச் கனம். ஒரு புத்தகம்கூட வைப்பதற்கு முன்பே அது 7 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் மேல் இடைவெளியில்லாமல் புத்தகம் அடுக்கினால் மீட்டருக்கு 25 முதல் 30 கிலோ சேரும். அகராதி, பெரிய பாடநூல் என்றால் இன்னும் கூடும்.

தண்ணீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கிப் பாருங்கள். அப்புறம் கையை முன்னால் நீட்டித் தூக்கிப் பாருங்கள். வாளி அதேதான், ஆனால் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். சுவரில் இருக்கும் மேல் ஸ்குரூதான் அந்தத் தோள். கணக்காகவே சொல்கிறேன். 30 செ.மீ. அகலப் பலகையில் 30 கிலோ சீராகப் பரவியிருந்தால், பாரத்தின் நடு சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி விழும். சுவரோடு ஒட்டும் கால் 15 செ.மீ. உயரம் இருக்கிற பிராக்கெட்டில், அதாவது பலகையைத் தாங்கும் 'எல்' வடிவத் தாங்கியில், மாட்டினால், மேல் ஸ்குரூக்களை வெளியே இழுக்கும் விசை மொத்தத்தில் 30 கிலோ அளவுக்கு இருக்கும். பிராக்கெட் கண்ணில் படக் கூடாது என்று அதே பலகையை 3 செ.மீ. உயரப் பட்டையில் மாட்டினால் அது 150 கிலோ. மரம் தேக்கா, வேம்பா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா?

பிராக்கெட் மறைந்திருக்கும் ஃப்ளோட்டிங் ஷெல்ஃப் அழகுதான், மறுக்கவில்லை. படச் சட்டம் வையுங்கள், சின்னப் பொம்மை வையுங்கள். புத்தகத்துக்கு அது வேண்டாம். கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், "நானே கையால தொங்கிப் பார்த்தேன், அசையல" என்கிறார்கள். தயவுசெய்து தொங்காதீர்கள். நீங்கள் பத்து நொடி தொங்குகிறீர்கள், புத்தகங்கள் பத்து வருடம் உட்காரப்போகின்றன. கதவு அறையும்போதெல்லாம் சுவர் அதிர்கிறது. ஸ்குரூவைச் சுற்றியுள்ள பூச்சு மாவு மாவாக உதிர்கிறது. தொங்கிப் பார்த்த அன்றே அந்த உதிர்தலை நீங்கள் தொடங்கி வைத்திருக்கவும் கூடும்.

சரி, சுவருக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற சுவரின் முதல் 12 முதல் 20 மி.மீ. வரை வெறும் பூச்சு. அதற்கு எடையைப் பிடிக்கும் வலு கிடையாது. அந்த வீட்டில் போட்டிருந்தது ஒன்றரை இன்ச் ஸ்குரூ. பிராக்கெட் தகடும் பூச்சும் போக, செங்கலுக்குள் போயிருந்தது ஒன்றரை செ.மீ.கூட இல்லை. அதுவும் மரக்குச்சியைச் சீவி ஓட்டையில் அடித்து, அதன் மேல் முறுக்கியிருந்தார்கள். பழைய காலத்து வழக்கம். அப்போது வேறு வழியில்லை. குச்சி காயக் காயச் சுருங்கும், ஓட்டை அப்படியே இருக்கும், பிடி விட்டுப்போகும். ஓட்டைக்குள் செருகி அதில் ஸ்குரூவை முறுக்குகிற பிளக்கை ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்தர் பிஷர் நைலானில் செய்தது 1958இல். அதற்குப் பிறகும் குச்சி அடிப்பதற்குக் காரணமே இல்லை.

செங்கல் சுவர் என்றால், பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் குறைந்தது 40, 50 மி.மீ. பிடி வேண்டும். எட்டு மி.மீ. பிளக்குக்கு எட்டு மி.மீ. டிரில் பிட்தான். "கொஞ்சம் லூசா இருந்தா ஈசியா போகும்" என்று பத்து மி.மீ. போட்டு, இடைவெளியில் காகிதம் திணித்ததையும் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். பிளக்கின் நீளத்தைவிட ஒரு செ.மீ. கூடுதல் ஆழம் துளைத்து, உள்ளே இருக்கும் தூளை முழுக்க வெளியேற்றுங்கள். தூள் தங்கினால் பிளக் ஸ்குரூவோடு சேர்ந்து சுற்றும். துளைக்கும்போது வெளியே வரும் தூளையும் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம், அது பூச்சு. பிறகு சிவந்தால் செங்கல். சாம்பலாகவே வந்துகொண்டிருந்து பிட்டும் சுலபமாக இறங்கினால் இரண்டு செங்கலுக்கு நடுவே சாந்தில் போகிறீர்கள், ஓட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். பிட் திடீரென்று வெற்றிடத்தில் விழுவதுபோல் போனால் அது ஹாலோ பிளாக். டிரில்லில் அடித்துத் துளைக்கும் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றில் துளைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய உள்சுவர் நொறுங்கும். அதற்கு உள்ளே போய் விரிகிற வகை ஆங்கர் தனியாக இருக்கிறது, சாதாரண பிளக் உதவாது. ஜிப்சம் போர்டு சுவரில், போர்டுக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தில்தான் ஸ்குரூ இறங்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்தினால் சட்டம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

ஸ்விட்ச், பிளக் பாயிண்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளைக்காதீர்கள். குளியலறைக்குப் பொதுவான சுவரில் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் டிரில்லைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு மரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலகை தொய்வது வேறு கதை. இடைவெளிதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அடிக்கு அதே பாரம் இருக்க, இரண்டு தாங்கலுக்கு நடுவே உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு 16 மடங்கு கூடும். கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு 8 மடங்குதான் ஏறும். மரத்துகளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு 18 மி.மீ. கனத்தில் இருந்து, அதில் புத்தகம் வைப்பதானால் தாங்கல்களுக்கு நடுவே 60 செ.மீ. தாண்ட விடமாட்டேன். நல்ல பிளைவுட்டுக்கு இன்னும் கொஞ்சம் விடலாம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் முதல் நாள் நேராக நின்றாலும், மாதங்கள் போகப் போக மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடும். பிராக்கெட்டுகளைப் பலகையின் இரு நுனியிலும் மாட்டாமல், ஒவ்வொரு நுனியிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி மாட்டுங்கள். செலவே இல்லாமல் தொய்வு வெகுவாகக் குறையும். முன் விளிம்பில் ஒன்றரை இன்ச் உயரத்துக்கு ஒரு ரீப்பரை, அதாவது ஒல்லியான மரச்சட்டத்தை, ஒட்டி ஸ்குரூ போட்டால் இன்னும் நல்லது, பார்க்கவும் பலகை கெட்டியாகத் தெரியும்.

சரக்கு அடுக்கி ஏற்றும் மரத் தட்டான பேலட்டைப் பிரித்து அலமாரி செய்வது இப்போது பரவியிருக்கிறது. ஆசை நல்ல ஆசை, மரம் வீணாவதில்லை. ஆனால் எடுப்பதற்கு முன் முத்திரையைப் பாருங்கள். நாடு விட்டு நாடு போகும் பேலட்டுகளில் பூச்சி நீக்கிய முறையைக் குறித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் எச், டி (HT) என்ற எழுத்துகள் இருந்தால் சூடேற்றியது. எம், பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரையே இல்லையா, எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருக்கிறதா, அதையும் விட்டுவிடுங்கள். பழைய கதவு, ஜன்னல் பலகையில் அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் தேய்க்கவே கூடாது. எந்த மரத்தைத் தேய்த்தாலும் முகக்கவசம் போடுங்கள். மரத் தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே சேர்த்துவிட்டது. எங்கள் தொழிலிலேயே பலர் இன்னும் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தேய்க்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான்.

பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூசிய துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். கசங்கிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே வைக்காமல் பற்றிக்கொள்ளும். துணியை வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

அலங்காரம் உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடுவதில்லை. மூன்று இடங்களில் மட்டும் தலையிடுவேன். கட்டில், தொட்டில், படிக்கும் நாற்காலி இவற்றுக்கு நேர் மேலே கனமான எதுவும் வேண்டாம். எவ்வளவு நன்றாக மாட்டியிருந்தாலும் வேண்டாம். கனமானவை கீழ்த்தட்டில், லேசானவை மேல்தட்டில். பிள்ளைக்குப் பிடித்த பொம்மையை மேல்தட்டில் வைத்தால் அவன் ஏறுவான், அவனைத் திட்டிப் பயனில்லை. தரையில் நிற்கும் உயரமான அலமாரியாக இருந்தால் அதன் தலையைச் சுவரோடு பட்டையால் பிணைத்துவிடுங்கள். பிள்ளைகள் இழுப்பறைகளைப் படியாக்கி ஏறி, மேலே சாய்த்துக்கொண்டு இறந்த சம்பவங்களால்தான் அமெரிக்காவில் 2022 டிசம்பரில் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நமக்குச் சட்டம் தேவையில்லை, இரண்டு ஸ்குரூ போதும்.

அந்த வீட்டில் அதே தேக்குப் பலகையைத்தான் திரும்ப மாட்டினேன். மேசைக்கு மேலே இல்லை, எதிர்ச்சுவரில், யாரும் உட்காராத இடத்தில். உயரமான கால் உள்ள மூன்று பிராக்கெட். அகராதிகள் தரையோடு நிற்கும் அலமாரிக்குப் போய்விட்டன. ரசமட்டத்தை அந்தப் பெண்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் வீட்டில் இன்று ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து, பிராக்கெட்டின் மேல்முனை சுவரோடு ஒட்டும் இடத்தில் நுழைத்துப் பாருங்கள். மாட்டியபோது அழுந்தியிருந்த இடத்தில் இப்போது தாள் நுழைகிறதா? கீழே சுவரோரம் மாவுபோல் பொடி உதிர்ந்திருக்கிறதா? இருந்தால் முதலில் மேலே உள்ளதையெல்லாம் இறக்கி வையுங்கள். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.