எல்லை தாண்டிய சிகிச்சையில் முதியவருக்குத் தவறு நேர்ந்தால்: நுகர்வோர் சட்டம் காட்டும் வழி

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பகுதிகளில் வீட்டுப் பெரியவருக்கு இதயத்திலோ மூளையிலோ கோளாறு என்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிப்பவர்கள் பலர். அங்கே நடந்த சிகிச்சையில் தவறு நேர்ந்துவிட்டதாகக் குடும்பம் கருதும்போது, 'வேறு மாநிலத்து ஆஸ்பத்திரி, மலையாளத்தில் வழக்கு, யார் அலைவது?' என்ற தயக்கமே முதலில் எழுகிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. எதிர்த்தரப்பு இயங்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்க வழிசெய்கிறது. ஆகவே திருவனந்தபுரத்தில் நடந்த அறுவை சிகிச்சை குறித்து, குமரி மாவட்டக் குடும்பம் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம்.

மருத்துவம் 'சேவை' என்ற சொல்லுக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உறுதிசெய்தது. அதே தீர்ப்பின்படி, வருகிற எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நேர்ந்த தவறுக்கு உரிமையியல் நீதிமன்றத்தையே அணுக வேண்டும். சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையாக இருந்தால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியது என்பதால் உரிமை போய்விடுவதில்லை.

இனி, எது கவனக்குறைவு என்ற கேள்வி. 'வயதாகிவிட்டது, உடல் தாங்கவில்லை' என்பதே முதியவர் வழக்குகளில் பெரும்பாலும் சொல்லப்படும் பதில். அது சில வேளைகளில் முழு உண்மையாகவும் இருக்கும். சிகிச்சை பலிக்கவில்லை என்பதோ நோயாளி இறந்துவிட்டார் என்பதோ மட்டும் தவறு நடந்ததற்குச் சான்றாகாது. அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் காட்டியிருக்கக்கூடிய கவனத்தை இவர் காட்டினாரா என்பதே அளவுகோல். ஆனால் வயது மருத்துவமனையின் கடமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பது என் கருத்து. முதியவரின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பாராமல் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது, இரத்தம் உறையாமலிருக்க அவர் உண்டுவந்த மாத்திரையை விசாரிக்காமலே கத்தி வைப்பது, நினைவு தடுமாறுகிறவரின் கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போடாமல் விட்டு அவர் விழுந்து இடுப்பு முறிவது, திருப்பிப் படுக்க வைக்காமல் படுக்கைப்புண் எலும்புவரை போவது ஆகியவற்றுக்கு முதுமை விளக்கமாகாது. நிபுணர் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியுள்ளது. எனினும் மருந்தின் அளவு போன்ற நுணுக்கமான விஷயங்களில், சிகிச்சையில் தொடர்பில்லாத ஒரு மருத்துவரின் எழுத்து மூலமான கருத்து இல்லாமல் புகாரைக் கொண்டுபோவது வீண் அலைச்சலாக முடியக்கூடும்.

சண்டைக்கு முன் காகிதங்களை வாங்கிவிட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வார்டு வாசலில் வாக்குவாதம் முற்றிய பிறகு கேஸ் ஷீட்டைக் கேட்கிறார்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடையாமல், செவிலியர் குறிப்புகள், மருந்து கொடுத்த நேரப் பட்டியல், மயக்கமருந்துக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், ஒப்புதல் படிவம் அனைத்தையும் பெயர் சொல்லி எழுத்தில் கேட்டு, கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புவது நல்லது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரள மருத்துவமனைகளில் 'பைஸ்டாண்டர்' என்று அழைக்கப்படும் துணையாள், பெரும்பாலும் மகளோ பேரனோ, மலையாள எழுத்து தெரியாமலே காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு வருவதுண்டு. நோயாளிக்குப் போதிய விவரம் தெரிவித்துப் பெறும் ஒப்புதலே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் விரிவாகக் கூறியது; நோயாளி சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போது, உயிரைக் காக்கும் அவசரம் இல்லாத நிலையில், உறவினர் கையெழுத்து அவருடைய ஒப்புதலுக்கு ஈடாகாது. யார் எந்த மொழியில் என்ன விளக்கினார்கள் என்பதை நினைவு மங்குமுன் தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும். மலையாளத்திலுள்ள ஆவணங்களை நாகர்கோவிலில் தாக்கல் செய்யும்போது மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டியிருக்கும்.

மரணம் நேர்ந்து, காரணத்தில் ஐயம் இருந்தால், உடலை எல்லை கடந்து ஊருக்குக் கொண்டுவருவதற்கு முன்பே, மருத்துவமனை இருக்கும் பகுதியின் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். துக்க வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல. அடக்கம் முடிந்தபின் கேட்பது அதனினும் கடினம். இறப்பு, நிகழ்ந்த இடத்திலேயே பதிவாகும் என்பதால் இறப்புச் சான்றிதழ் கேரளத்து உள்ளாட்சி அமைப்பிடமிருந்து வரும்; வாரிசுச் சான்றிதழை இங்குள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற வேண்டும்.

புகாரை முதியவர் தாமே கொடுக்கலாம், அல்லது எழுத்து மூலம் அதிகாரம் தந்து பிள்ளையை அனுப்பலாம். அவர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு கொடுக்கலாம். பணம் கட்டிச் சேர்த்தவரும் சிகிச்சை பெற்றவரும் இருவருமே நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல், ஒரு குழந்தையின் வழக்கில் கூறியுள்ளது. கால வரம்பு 2 ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தைப் பொறுக்கலாம் என்றாலும் அதை நம்பியிருப்பது அபாயம்.

எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, கட்டிய பணம் தீர்மானிக்கிறது. 2021 டிசம்பரில் வந்த விதிப்படி 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். புகாருக்கான கட்டணமும் அப்படியே: மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நாலரை லட்சம் கட்டியவர் 30 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் இல்லை. வருமானமில்லாத முதியவருக்கு வருமான இழப்பு என்று பெரிதாகக் காட்ட முடியாதுதான். மறுசிகிச்சைச் செலவு, வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கும் செலவு, பட்ட வேதனை ஆகியவற்றை ரசீதுகளோடு தனித்தனியே கணக்கிட்டுக் கேட்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் புகாரைப் பதியலாம். விண்ணப்பித்தால் காணொலி விசாரணைக்கும் சட்டத்தில் இடமுண்டு. எதிர்த்தரப்பு 30 நாள்களில் பதில் தர வேண்டும். ஆணையம் கூடுதலாக 15 நாள்கள் தரலாம், அதற்கு மேல் தர முடியாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆயினும், பெண் எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்பதால், பாதிக்கப்பட்டவர் பாட்டியாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் முதலில் கேட்டுப் பார்க்கலாம். ஐயங்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மருத்துவரின் பதிவு மீது நடவடிக்கை வேண்டுமென்றால் அவர் பதிவுசெய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும்; அங்கே இழப்பீடு கிடைக்காது. குற்ற வழக்குக்குக் கடும் கவனக்குறைவு வேண்டும் என்று 2005-இல் வந்த தீர்ப்பு வரையறுத்திருப்பதால், காவல் நிலையத்தையே ஒரே வழியாக நம்புவது பெரும்பாலும் பயன் தராது.

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாள்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் தர உத்தரவிடப்பட்ட மருத்துவமனை மேல்முறையீட்டுக்குப் போனால், அத்தொகையில் பாதியை முதலில் கட்டிய பிறகே அதன் மனு ஏற்கப்படும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், உத்தரவைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்றுமனு போடலாம். உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு இடமளிக்கிறது.