நினைவேந்தல்: சொல் விளக்கம்

நினைவேந்தல் (பெயர்ச்சொல்): இறந்தவர்களையோ, இல்லாமல் போன ஒரு வாழ்வையோ ஊர்கூடி நினைவுகூர்வது. நினைவு + ஏந்தல். 'நினைவஞ்சலி' என்பதற்கு ஈடாக இன்று எழுதப்படும் சொல்.

அஞ்சலி வடசொல். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவிப்பதுதான் அதன் நேர்ப்பொருள். பரதநாட்டியத்தில் இரட்டைக்கை முத்திரைகளில் முதலாவது அஞ்சலி. கும்பிடும் கை வணக்கமாகி, வணக்கம் இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாகி, இப்போது தெருமுனைத் தட்டியில் 'கண்ணீர் அஞ்சலி' என்று நிற்கிறது.

'ஏந்து' என்றால் கையில் தாங்கு. பிள்ளையை ஏந்துகிறோம், தீச்சட்டி ஏந்துகிறோம், கேட்டு வாங்க மடியேந்துகிறோம். தென்மாவட்டங்களில் ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் உண்டு. அங்கே அது நீரைத் தாங்கும் சிறு குளம். தலைவன், பெரியோன் என்ற பொருளும் பழைய நூல்களில் வரும். ஈழத் தமிழர் மே 18 அன்று கூடும் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் வழியே இந்தச் சொல் தமிழகத்திலும் பலருக்கு அறிமுகமானது. எனக்கு இது அஞ்சலியைவிடப் பொருத்தமாகப் படுகிறது. கும்பிட்டுவிட்டுக் கையைத் தொங்கப் போடலாம். ஏந்திய கையை அப்படி விட முடியாது.

சரி, சொல் புதிது. வழக்கம் மிகப் பழையது. போரில் பட்டவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படியாகச் சொல்கிறது. கல்லைத் தேடுவதில் தொடங்கி வாழ்த்திப் பாடுவதில் முடிகிறது.

திருநெல்வேலிச் சீமையில் இதற்கு உயிருள்ள வடிவம் கொடைவிழாவும் வில்லுப்பாட்டும். அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டு, வருஷா வருஷம் கொடை கொடுத்து, அவர்கள் கதையை அவர்கள் முன்னாலேயே பாடுகிற சீமை இது. நாணில் வீசுகோல் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் மொத்தமாகக் குலுங்கும். குடத்தின் வாயில் மட்டை விழும், உடுக்கை சேரும். பாட்டுக்காரர் ஒரு அடி சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போட்டு வாங்கிப் பாடுவார்கள். பிறந்த ஊர், பெற்றவர் பெயர், நடந்த வழி, வெட்டுப்பட்ட இடம் எல்லாம் கதையில் வரும். கடைசியில் வாழி பாடுவார்கள்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்த பட்டன், செருப்புத் தைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த பொம்மக்கா, திம்மக்காவைக் கட்ட, பூணூலைக் கழற்றி அந்தத் தொழிலையும் கற்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் சாமியாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ஏடு எழுதும் கூட்டம் எழுதாமல் விட்டதைப் பாட்டும் ஒரு ஜோடிச் செருப்பும் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

அந்தக் கோயிலின் பரம்பரை அறங்காவலர்கள் சிங்கம்பட்டி ஜமீன். 1929ல் தங்கள் மலைக்காட்டில் 8,000 ஏக்கருக்கு மேல் அவர்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தது அப்படித்தான். அட்டைக்கடியிலும் மழையிலும் காட்டைத் திருத்தியவர்கள் கீழேயிருந்தும் கேரளத்திலிருந்தும் போன உழைப்பாளிகள்; பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். 1999 ஜூலை 23 அன்று தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், கைதான தங்கள் ஆட்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் கூட்டம் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டது. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். வருஷந்தோறும் அதே நாளில் கொக்கிரகுளம் பக்கம் ஆற்றில் மலர் தூவுகிறார்கள்.

2024ல் நிறுவனம் தோட்டத்தை விட்டுப் போவதாக அறிவித்து, தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பியது. நாலு தலைமுறை வாழ்ந்த இடம் காலியாகத் தொடங்கியது. ஆற்றில் விட்ட பூ அன்றைக்கே போய்விடும். மலைமேல் எந்த வரிசை வீட்டில் யார் இருந்தார்கள், கொழுந்துக் கூடையோடு எந்தத் தடத்தில் ஏறினார்கள், எந்தக் கோயிலுக்குக் கொடை கொடுத்தார்கள் என்பதெல்லாம் சொல்ல ஆள் இருக்கும்போதே பாட்டாக வேண்டும். தெருநாடகமும் புகைப்படக் காட்சியும் நல்லதுதான். ஆனால் இந்தச் சீமைக்குக் கைவந்த கலை வில்லுப்பாட்டு. 17 பேரின் பெயரும் வரிசையாக வரும் ஒரு கதைப்பாட்டை மாஞ்சோலை மக்களோடு உட்கார்ந்து கட்ட வேண்டும், ஜூலை 23 அன்று ஆற்றங்கரையில் பாட வேண்டும். அரசு கல் நடுவதற்கு அது காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், எழுதுகிறவர்களுக்கு ஒன்று. அஞ்சலி 'செலுத்துவது', அந்தப் பழக்கத்தில் 'நினைவேந்தல் செலுத்தினர்' என்று எழுதிவிடுகிறார்கள். நினைவேந்தல் 'நடத்தினர்' என்றோ, 'நினைவேந்தினர்' என்று ஒரே வினையாகவோ எழுதலாம்.