ரப்பர் சிற்பத்துக்கும் வயதாகும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவின் ரப்பர் தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள் ஒரு கட்டாகக் கிடந்தன. போன மாதம் அதைப் பிரிக்கப் போனேன். சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் ஓரிடத்தில் அப்பளம்போல் நொறுங்கியது. இன்னோரிடத்தில் பாகாக இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கிடந்தது. ஒரே வளையத்துக்கு இரண்டு விதமான சாவு. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அம்மா எட்டிப் பார்த்தார். "வெயில் பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

அந்த இரண்டு சொல்லில் பாதி வேதியியல் அடங்கிவிட்டது. ரப்பர் என்பது ஐசோபிரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. அதன் இரட்டைப் பிணைப்புகளின் பக்கத்தில்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் கைவைக்கும். வெளிச்சமும் வெப்பமும் அதற்குக் கூட்டு. சங்கிலி அறுந்தால் ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும். அறுபடாமல் பக்கத்துச் சங்கிலிகளோடு தாறுமாறாகப் பிணைந்துகொண்டால் இறுகி நொறுங்கும். செம்பு துளி கலந்தாலும் இந்த அழிவு வேகமெடுக்கும். ரப்பர் பொருளைச் செம்புக் கம்பியால் கட்டி வைப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடியும் இந்த ரப்பர் பாலைக் கலைப்பொருளாக்கியவர்களில் ஒருவர் சிற்பி ஈவா ஹெஸ்ஸே. நியூயார்க்கில் வாழ்ந்த இவர், 1969இல் ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ என்ற படைப்பைச் செய்தார். கண்ணாடி இழைக் கம்பங்களுக்கு நடுவே ரப்பர் பால் பூசிய மெல்லிய துணி திரைச்சீலையாகத் தொங்கும். மறு வருடமே, 34 வயதில், அவர் இறந்துவிட்டார். ரப்பர் நெடுநாள் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். விலைக்குக் கேட்பவர்களிடம் கொஞ்சம் குற்றவுணர்வு தோன்றுவதாகவும் சொல்லியிருக்கிறார். வெளிறித் துவண்டு தொங்கிய துணி, இன்று பழுப்பேறி விறைத்து நிற்கிறது. கூகன்ஹைம் அருங்காட்சியகம் அதைச் செப்பனிட்டு 2022இல் மறுபடி காட்சிக்கு வைத்தது.

புதிதாகப் பால் பூசி அதேபோல் ஒன்று செய்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது ஹெஸ்ஸேயின் கைபட்டதாக இருக்காது. பழையதை அப்படியே விட்டால் அவர் காட்ட நினைத்த நெகிழ்வு இல்லை. தற்காலக் கலையைப் பாதுகாக்கப் படிப்பவர்கள் முட்டிமோதும் கேள்வி இதுதான். கொரியாவில் பிறந்த வீடியோ கலைஞர் ‘நாம் ஜூன் பைக்’ செய்த தொலைக்காட்சிப் பெட்டிச் சிற்பங்களிலும் இதே தலைவலி: பழைய படக்குழாய் செத்தால் தட்டைத் திரையை மாட்டலாமா?

அதனால்தான் இந்தப் படிப்பு இரட்டைக் குதிரைச் சவாரி. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் படிப்பில் சேரக் கரிம வேதியியல் படித்திருக்க வேண்டும்; கலை வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்; கையால் வரைந்து செய்து பழகியிருக்கவும் வேண்டும். வீடியோ, கணினிக் கலைக்கென்று 2018இல் அங்கே தனிப்பிரிவும் தொடங்கினார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் தற்காலக் கலைக்கே தனிச் சிறப்புப் பிரிவு உண்டு. உயிரோடிருக்கும் கலைஞரை உட்காரவைத்து, எது மாறலாம், எது மாறவே கூடாது என்று கேட்டுப் பதிவுசெய்வதும் இத்துறையில் பாடம்தான்.

கைவேலை எளிய தந்திரங்களாலும் ஆனது. ஒரு ரப்பர் மாதிரியைச் சூட்டடுப்பில் வைத்து, பல வருட முதுமையைச் சில வாரங்களில் வரவழைத்துப் பார்ப்பார்கள். சிறு பொருளாக இருந்தால் காற்றுப் புகாத உறைக்குள் இரும்புத்தூள் பொட்டலத்தோடு அடைப்பார்கள். இரும்பு துருப்பிடித்துக்கொண்டே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ரப்பருக்கு மிச்சம் இராது.

சம்பளச் சீட்டில் ஒட்டிய கறையை நான் தொடவில்லை. கரைப்பான் தடவினால் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், எழுதிய மையும் சேர்ந்து போய்விடலாம். உலர்ந்த துணுக்குகளை மட்டும் தூரிகையால் தட்டிவிட்டு, பருத்தி நாடாவால் அந்தக் கட்டைச் சுற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பால் மரத்துக் காட்டிலேயே வளர்ந்துவிட்டு ரப்பர் வேண்டாம் என்கிறாயா?" என்றார்.