சும்மாதான் இருக்கேன் டாக்டர்

பணி ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆன ஒருவர், முப்பது வருஷத்துக்கு மேல் லேத் மெஷினில் வேலை பார்த்தவர், என்னிடம் வந்தார். பல வருஷமாகச் சர்க்கரை உண்டு, ஆனால் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) எப்போதும் 7 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அவ்வளவு ஒழுங்கான மனிதர். இந்த முறை 9-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை அதேதான், சாப்பாடும் மாறவில்லை என்றார் மனைவி. தைராய்டு, கிருமித்தொற்று, சிறுநீரகம் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், "இப்ப பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"சும்மாதான் இருக்கேன் டாக்டர்."

சொல்லும்போதே அவருடைய கட்டைவிரல் என் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது, பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கை இன்னும் வேலையில்தான் இருந்தது.

இந்த "சும்மா"வை இப்போதெல்லாம் நான் ஓர் அறிகுறியாகவே குறித்துக்கொள்கிறேன், கால் வீக்கத்தையும் தூக்கமின்மையையும் குறிப்பதுபோல. வேலை போனால் வருமானம் மட்டும் போவதில்லை. எத்தனை மணிக்கு எழுவது, எவ்வளவு தூரம் நடப்பது, யார் நமக்காகக் காத்திருக்கிறார்கள், யார் நம்மிடம் சந்தேகம் கேட்க வருகிறார்கள், "என்ன முகம் வாடியிருக்கு, உடம்பு சரியில்லையா" என்று யார் முதலில் கவனிக்கிறார்கள், இத்தனையும் சேர்ந்தே போய்விடுகிறது, அதற்கெல்லாம் நாம் ஒரு கணக்கு வைத்திருப்பதே இல்லை.

இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற 424 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஓய்வுக்கு முன் ஏதாவது இரண்டு குழுக்களில் இருந்து, பிறகும் இரண்டிலும் நீடித்தவர்களுக்கு முதல் 6 ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒன்றை விட்டவர்களுக்கு 5. இரண்டையும் விட்டவர்களுக்கு 12. உடம்பு முடியாதவர்தானே குழுவை விட்டு விலகுவார், இதில் எது காரணம் எது விளைவு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதனால் வயதையும் ஆரம்பத்தில் இருந்த உடல்நிலையையும் கணக்கில் எடுத்தே பார்த்திருக்கிறார்கள். அப்படியும் இது முழு நிரூபணம் ஆகாது. ஆனால் இதைப் படித்த பிறகு, "ஏதாவது சங்கத்துல, குழுவுல இருக்கீங்களா?" என்று கேட்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். மன அழுத்தச் சோதனைகள் 208-ஐத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. பிறர் முன்னால் நம் மதிப்பு குறையலாம், நிலைமையும் நம் கையில் இல்லை, இந்த இரண்டும் சேரும்போதுதான் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் சுரப்பு மிக அதிகமாக ஏறுகிறது. கார்டிசால் ஏறினால் கல்லீரல் ரத்தத்துக்குள் சர்க்கரையை இறக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, ரத்த அழுத்தமும் கூடும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, உடம்பு சமாளித்துவிடும். தினமும் காலையில் எழுந்ததும் "இனி நான் யாருக்கும் தேவையில்லை" என்று நினைக்கிறவருக்கு?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, நாங்கள் மருத்துவர்கள் பெரும்பாலும் தவறவிடும் பக்கம் அது. நாம் சேர்ந்திருக்கும் கூட்டம் எல்லாமே உடம்புக்கு நல்லது செய்யும் என்றில்லை. நுரையீரல் பாதிக்கத் தொடங்கியிருந்த ஒருவரிடம் சிகரெட்டை நிறுத்தச் சொல்லி மூன்று முறை வகுப்பு எடுத்தேன். நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தேன். நான்காவது முறை அவரே சொன்னார்: "சிகரெட்டை விட்டுடுவேன் டாக்டர், அந்தப் பத்து நிமிஷத்தை எப்படி விடுறது?" அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துப் பேசுகிறவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் மட்டும்தான் இருந்தார்கள். அவருடைய நுரையீரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நான், அவரைத் தனியாளாகப் போகச் சொல்கிறேன் என்பதை உணரவே இல்லை. கூட இன்னொருவரும் நிறுத்துவதாக முடிவெடுத்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

சிலருக்கு நோயே அடையாளமாகிவிடும். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பெயரைச் சொல்வதற்கு முன், "நான் பி.பி. பேஷண்ட்" என்பார்கள். வீட்டிலும் அப்படியே ஆகிவிடும், அன்பினால்தான். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் கையில் இருந்த வேலையை ஒவ்வொன்றாக வாங்கிவிடுவார்கள். தயவுசெய்து எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். மெதுவாகச் செய்யட்டும், தப்பாகக்கூடச் செய்யட்டும், அவர் பொறுப்பு என்று ஒன்றாவது இருக்கட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், நோய்வாய்ப்பட்டவரைப் பார்த்து "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லவும் வேண்டாம். அது கொடுமை, மருத்துவமும் இல்லை. உடல் காரணங்களை முதலில் முழுசாகப் பார்த்தாக வேண்டும். அந்த லேத் ஆபரேட்டருக்கும் நான் மருந்தின் அளவைக் கூட்டினேன்தான். கூடவே, தொழில் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள் என்றேன். "நம்மளை யாரு டாக்டர் கூப்பிடப் போறாங்க" என்று போய்விட்டார், இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் யாரோ பழைய கூட்டாளி மூலம் வாரத்தில் ஒரு நாள் என்று ஆரம்பித்திருக்கிறார்.

சர்க்கரை இன்னும் பழைய 7-க்கு வரவில்லை, 8-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. மருந்தால் எவ்வளவு, மற்றதால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. போன முறை அடுத்த தேதி குறிக்கும்போது வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

"வியாழன் வேண்டாம் டாக்டர். அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு."