பூச்சிக்கொல்லித் தாங்குதிறன்: ‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது?

‘பூச்சிக்கொல்லி எதிர்ப்பு’ என்ற தொடரை முன்பின் விளக்கம் ஏதுமின்றி ஒருவரிடம் காட்டிப் பொருள் கேட்டால், பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று மனிதர்கள் தெரிவிக்கும் எதிர்ப்பு என்றே பெரும்பாலும் விடை வரும். போர் எதிர்ப்பு, ஊழல் எதிர்ப்பு, அணு உலை எதிர்ப்பு என்று தமிழில் வழங்கும் தொடர்களெல்லாம் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஆனால் மலேரியாக் கட்டுப்பாடு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இதே தொடர், கொசுவைக் கொல்வதற்காகத் தெளிக்கப்பட்ட நஞ்சு பட்டும் அது சாகாமல் பிழைத்திருக்கும் தன்மையைக் குறிக்க ஆளப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘இன்செக்டிசைட் ரெசிஸ்டன்ஸ்’ எனப்படும் இத்தன்மைக்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதைச் சொல்லின் வரலாற்றையும், கொசுவின் உடலில் உண்மையில் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய இயலும்.

‘ரெசிஸ்டன்ஸ்’ என்பதன் மூலம் ‘ரெசிஸ்டெரே’ என்னும் இலத்தீன் வினை. ‘சிஸ்டெரே’ என்றால் நிற்றல், நிறுத்துதல். ‘ரெ’ என்னும் முன்னொட்டு எதிராக, பின்னாக என்ற பொருளைத் தருகிறது. சாய்க்க வரும் ஒன்றின் முன் சாயாமல் நிற்பதே வேர்ப்பொருள். அரசியல் போராட்டம், மின்சாரம், மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. தமிழோ மின்சாரத்துக்கு மட்டும் ‘மின்தடை’ என்று தனிச்சொல் கண்டுவிட்டு, எஞ்சியவற்றை ‘எதிர்ப்பு’ என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டது.

பூச்சியியலில் இச்சொல் நுழைந்த கதை டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கும் முந்தையது. பழமரங்களைத் தாக்கும் சான் ஹோசே செதிற்பூச்சி, சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலைத் தெளித்த பிறகும் உயிரோடிருப்பதைக் கண்ட அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர், பூச்சிகள் தெளிமருந்துகளுக்கு ‘ரெசிஸ்டன்ட்’ ஆகக்கூடுமா என்ற கேள்வியை 1914இலேயே எழுப்பினார். 1939இல் டிடிடியின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, டிடிடியால் சாகாத வீட்டு ஈக்கள் சுவீடனில் பதிவாகிவிட்டன. அடுத்த சில ஆண்டுகளில் கிரேக்க நாட்டில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவிலும் அதே தன்மை தென்பட்டது. 1955இல் டிடிடியை நம்பி உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிய உலகச் சுகாதார நிறுவனம், 1957இல் இச்சொல்லுக்கு ஒரு வரையறை தந்தது. ஒரு பூச்சியினத்தின் இயல்பான கூட்டத்தில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும் அளவு நஞ்சைத் தாங்கிக்கொள்ளும் திறன் அவ்வினத்தின் ஒரு பிரிவில் உருவாவது என்பதே அதன் சாரம். வரையறையின் நடுவில் நிற்கும் வினை ‘தாங்குதல்’ என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

‘இன்செக்டிசைட்’ என்பதில் நமக்குச் சிக்கல் இல்லை. ‘சைட்’ என்ற பின்னொட்டு வெட்டுதல், கொல்லுதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘கொல்லி’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பேச்சில் யாரும் பூச்சிக்கொல்லி என்பதில்லை. ‘கொசு மருந்து அடிக்கிறார்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். உயிரைக் கொல்ல வந்த நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்ததால், மலேரியாவைப் பற்றிப் பேசும்போது ஒரு தனிக்குழப்பம் நேர்கிறது. ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் சொன்னால், நோயாளி விழுங்கிய மாத்திரையா, சுவரில் தெளித்த நஞ்சா என்பது தெரிவதில்லை. மலேரியா என்ற சொல்லைப் பொறுத்தவரை, ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் இத்தாலியத் தொடரிலிருந்து பிறந்த அச்சொல் தமிழிலும் நிலைபெற்றுவிட்டது; முறைக்காய்ச்சல் என்ற பழைய பெயரை மீட்பதால் இன்று தெளிவு கூடப்போவதில்லை.

இனி, ‘கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது’ என்ற வழக்கு. இது மிகவும் பரவலான கூற்று. மிகவும் தவறான கூற்றும் இதுவே. காரம் தின்று தின்று நாக்கு பழகுவதுபோல ஒரு கொசு நஞ்சுக்குப் பழகுவதில்லை. உயிர்கொல்லும் அளவு நஞ்சு பட்ட கொசு செத்துப்போகிறது; அது பழகுவதற்கு அவகாசமே கிடையாது. நடப்பது வேறு. பல இலட்சம் கொசுக்களில் மிகச் சிலவற்றுக்கு, மரபணுவில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தால், நஞ்சு பட்டும் பிழைக்கும் தன்மை முன்பே அமைந்திருக்கும். தெளிப்பு மற்றவற்றைக் கொன்றுவிடுகிறது, எஞ்சியவை முட்டையிடுகின்றன. கொசுவின் தலைமுறை சில வாரங்களில் மாறுவதால், அந்தச் சிலவற்றின் வழிவந்தவை சில ஆண்டுகளுக்குள் கூட்டத்தை நிரப்பிவிடுகின்றன. மாறுவது கொசு அன்று, கொசுக்கூட்டம். இதற்குத் தேர்ந்தெடுக்கும் தமிழ்ச்சொல், தனிக்கொசு ஏதோ முயன்று போராடி வென்றதாக எண்ண இடம் தரக் கூடாது. ‘எதிர்ப்பு’ அந்த இடத்தைத் தருகிறது.

அளந்து பார்க்கும் முறையைக் கண்டால் இது இன்னும் தெளிவாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்பெட்டியில் இருப்பவை எளிய நெகிழிக் குழாய்கள். சிவப்புப் புள்ளியிட்ட குழாயின் உட்சுவரில், குறிப்பிட்ட அளவு பூச்சிக்கொல்லி ஏற்றிய தாள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். டெல்டாமெத்ரின் என்றால் 0.05 விழுக்காடு. இரத்தம் குடிக்காத, மூன்று முதல் ஐந்து நாள் வயதுடைய பெண் கொசுக்களை உறிஞ்சுகுழலால் எடுத்து, குழாய்க்குச் சுமார் 25 வீதம் விடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவற்றைப் பச்சைப் புள்ளியிட்ட குழாய்க்கு மாற்றி, சர்க்கரை நீரில் நனைத்த பஞ்சை மேலே வைத்து, 24 மணி நேரம் காத்திருந்து எண்ணுவார்கள். ஒழுங்காக நிற்கவோ பறக்கவோ இயலாத கொசு, கால் அசைந்துகொண்டிருந்தாலும் இறந்ததாகவே கணக்கிடப்படும். ‘நிற்றல்’ என்ற இலத்தீன் வேர்ப்பொருள் இவ்வளவு நேரடியாக ஓர் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 98 விழுக்காடோ அதற்கு மேலோ செத்தால் அக்கூட்டம் அந்த நஞ்சுக்கு மடியக்கூடியது. 90 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தாங்குதிறன் உறுதி. இடைப்பட்டது ஐயத்துக்குரியது, மீண்டும் ஆய்ந்து பார்க்க வேண்டியது.

பிழைத்து நிற்கும் கொசுவின் உடலில் என்ன நடக்கிறது? இரண்டு வழிகள் முதன்மையானவை. டிடிடியும் பைரெத்ராய்டு வகை நஞ்சுகளும் நரம்பிலுள்ள சோடியம் வாயிலில் போய் ஒட்டிக்கொண்டு, அதை மூடவிடாமல் செய்து, கொசுவைத் துடிக்கவைத்து வீழ்த்துகின்றன. அவ்வாயிலை ஆக்கும் புரதத்தின் 1014ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஃபீனைல்அலனின் அமைந்துவிட்டால், நஞ்சின் பிடி தளர்ந்துவிடுகிறது. பூட்டின் உள்ளமைப்பில் ஒரு பல் மாறினால் பழைய சாவி சுற்றாதது போன்றது இது. மற்றொரு வழியில் பூட்டு மாறுவதில்லை. சாவி பூட்டை அடையும் முன்பே உடைக்கப்படுகிறது. சைட்டோகுரோம் பி450 போன்ற நொதிகளை மிகுதியாகச் சுரக்கும் கொசு, நஞ்சை நரம்புக்குப் போகும் வழியிலேயே சிதைத்துவிடுகிறது. இவை தவிர, புறத்தோல் தடித்து நஞ்சு உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தும் கொசுக்களும் உண்டு. இம்மூன்றிலும் கொசு நஞ்சைத் திருப்பித் தாக்குவதில்லை. பட்டதை ஏற்று, அதற்குப் பின்னும் நிற்கிறது.

இதற்குரிய சொல் உழவுத்தொழிலில் ஏற்கெனவே புழங்குகிறது. ‘நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட ரகம்’ என்பார்கள். ஆனால் ‘வறட்சி எதிர்ப்பு ரகம்’ என்பதைவிட ‘வறட்சி தாங்கும் ரகம்’, ‘உவர் தாங்கும் ரகம்’ என்பதே இயல்பாக வருகிறது. படையெடுத்து வரும் உயிரை எதிர்க்கிறோம்; மேலே வந்து விழும் நிலைமையைத் தாங்குகிறோம் என்ற நுட்பமான வேறுபாட்டைத் தமிழ் தானாகவே பேணுகிறது. பூச்சிக்கொல்லி ஓர் உயிரன்று. வறட்சியையும் உவரையும் போலக் கொசுவின் மேல் விழும் ஒரு நிலைமை. எனவே ‘பூச்சிக்கொல்லித் தாங்குதிறன்’ என்பதே என் பரிந்துரை. மலேரியாவில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. பலமுறை காய்ச்சல் கண்டவர் உடலில் ஒட்டுண்ணிக்கு எதிராக உருவாகும் பாதுகாப்பு, மாத்திரைக்குச் சாகாத ஒட்டுண்ணியின் இயல்பு, தெளிப்புக்குச் சாகாத கொசுவின் இயல்பு ஆகிய மூன்றையும் ‘எதிர்ப்புத்திறன்’ என்றே எழுதினால், ஒரே பத்தியில் நன்மையும் தீமையும் ஒரே பெயரில் உலவும். முதலாவதற்கு ‘நோயெதிர்ப்பாற்றல்’ இருக்கட்டும். மற்ற இரண்டும் ‘மருந்துத் தாங்குதிறன்’, ‘பூச்சிக்கொல்லித் தாங்குதிறன்’ எனப் பிரிந்துகொள்ளும்.

தாங்குதல் ‘டாலரன்ஸ்’ என்பதற்கு வேண்டிய சொல்லாயிற்றே என்று மறுப்பவர் உண்டு. மறுப்பில் நியாயமும் உண்டு. தெளிப்பு பிழைப்பவற்றைத் தேர்ந்தெடுத்ததன் விளைவாக அன்றி, ஓர் இனத்துக்கு இயற்கையாகவே அமைந்த பொறுக்கும் தன்மையை ‘டாலரன்ஸ்’ என்று பிரித்துச் சொல்வோர் இருக்கிறார்கள். அதற்கு ‘இயல்பொறுதி’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘சகிப்புத்தன்மை’ மனிதர்களின் பண்பைக் குறிக்கவே பொருத்தம். கொசுவுக்கு அதை அளிப்பது மிகை. என் சொல்லுக்கு உண்மையான சங்கடம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கொசுவலைக்குள் மனிதர் படுக்கும் முன்பே, வீட்டுக்கு வெளியிலேயே கடித்துவிட்டுப் போகும் கொசு எதையும் தாங்கவில்லை, ஒதுங்குகிறது. இதையும் ஆங்கிலத்தில் ‘நடத்தைவழி ரெசிஸ்டன்ஸ்’ என்கிறார்கள். தமிழில் இதைத் ‘தவிர்ப்பு நடத்தை’ என்று தனியே எழுதுவதே நேர்மையானது.

சொல்லைப் பொதுப்பட ஆளுவதன் இடரைத் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு–நட்டால் மாகாணம் காட்டியது. அங்கே வீட்டுச் சுவர்களில் டிடிடிக்கு மாற்றாக 1996இல் டெல்டாமெத்ரின் என்ற பைரெத்ராய்டைத் தெளிக்கத் தொடங்கினார்கள். 1950களில் டிடிடியால் அப்பகுதியிலிருந்து மறைந்துபோன அனோபிலிஸ் ஃபுனெஸ்டஸ் என்னும் மலேரியாக் கொசு திரும்பி வந்தது. தெளித்த வீடுகளிலிருந்தே உயிரோடு பிடிபட்டது. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் மலேரியா நோயாளிகள் 60,000ஐத் தாண்டினர். அக்கொசு பைரெத்ராய்டைத் தாங்கியது, டிடிடியைத் தாங்கவில்லை. அவ்வாண்டே டிடிடி மீண்டும் கொண்டுவரப்பட்டது. மறு ஆண்டு மாத்திரையும் மாற்றப்பட்டது, ஏனெனில் ஒட்டுண்ணியும் பழைய மருந்தைத் தாங்கத் தொடங்கியிருந்தது. நோய் விரைந்து தணிந்தது. அங்கே சாவியை உடைக்கும் நொதிகள் வேலை செய்தன. பூட்டு மாறிய கொசுவாக இருந்திருந்தால், இரு நஞ்சுகளுக்கும் இலக்கு ஒன்றே என்பதால் டிடிடியும் பயன் குன்றியிருக்கும். ஒன்றைத் தாங்கும் தன்மை மற்றொன்றையும் தாங்கச் செய்வதைக் ‘குறுக்கு எதிர்ப்பு’ என்று எழுதுகிறார்கள். குறுக்கே வந்து தடுப்பது போலத் தோன்றும் அத்தொடரைவிட ‘உடன்வரும் தாங்குதிறன்’ பொருளைத் தானே சொல்லிவிடும்.

இவ்வளவு சொல்லாராய்ச்சி தேவையா என்றால், வலைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்டதாகக் கணிக்கப்பட்ட 66.3 கோடி மலேரியாத் தொற்றுகளில் 68 விழுக்காடு பூச்சிக்கொல்லி ஏற்றிய கொசுவலைகளால் தவிர்க்கப்பட்டவை. அவ்வலைகளில் ஏற்றப்பட்டிருந்ததோ பைரெத்ராய்டு என்ற ஒரே வகை நஞ்சு. பெனின், கேமரூன், இந்தியா, கென்யா, சூடான் ஆகிய ஐந்து நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஆய்வு, தாங்குதிறன் உள்ள இடங்களிலும் வலையில் உறங்கியவர்களுக்குத் தொற்று குறைவாகவே இருந்ததைக் காட்டியது. வலை தன் நூலாலேயே ஓரளவு காக்கிறது. ஆகவே தாங்குதிறன் என்பதைக் ‘கட்டுப்பாடு தோற்றது’ என்று மொழிபெயர்ப்பது பிழை. ஆய்வுக்குழாயில் பிழைப்பது ஒன்று, ஊரில் நோய் பெருகுவது மற்றொன்று.

தாங்குதிறனைச் சமாளிக்கும் முறைகளுக்குத் தமிழில் எளிதாகவே பெயர் வைக்கலாம்: ஆண்டுதோறும் நஞ்சை மாற்றுவது சுழற்சி, அடுத்தடுத்த பகுதிகளில் வெவ்வேறு நஞ்சைத் தெளிப்பது பகுதிமாற்று, ஒரே வலையில் இரண்டை ஏற்றுவது இணைப்பு. இவற்றில் இணைப்பு வலைகள்தாம் அண்மையில் அதிகம் பேசப்படுகின்றன. பிப்பெரோனைல் பியூட்டாக்சைடு சேர்த்த வலையில், அச்சேர்மம் கொசுவைக் கொல்வதில்லை; பி450 நொதியைக் கட்டிப்போட்டு, பைரெத்ராய்டுக்கு வழிவிடுகிறது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் வலுவாகப் பரிந்துரைத்த குளோர்ஃபெனாபைர் வலையின் போக்கு இதற்கு நேர் எதிர். அந்தச் சேர்மம் வலையில் இருக்கும் நிலையில் அவ்வளவாக நஞ்சன்று. கொசுவின் உடலுக்குள் அதே பி450 நொதிதான் அதை நஞ்சாக மாற்றுகிறது, மாறிய நஞ்சு உயிரணுவின் ஆற்றல் ஆக்கத்தைக் குலைக்கிறது. பைரெத்ராய்டைத் தாங்க உதவிய நொதியே இங்கே கொசுவுக்குக் கூற்றாகிறது.

ஆகவே ‘இந்தக் கொசுக்கள் தாங்குதிறன் பெற்றவை’ என்று எழுதி நிறுத்தினால் வாக்கியம் அரைகுறையாகவே நிற்கும். எந்த நஞ்சை, எந்த அளவில், எந்த ஊரின் எந்த இனக்கொசு, எந்த ஆண்டின் ஆய்வில் தாங்கியது என்பவை உடன் வர வேண்டும்: ‘2000ஆம் ஆண்டில் குவாசுலு–நட்டாலின் அனோபிலிஸ் ஃபுனெஸ்டஸ் பைரெத்ராய்டைத் தாங்கின, டிடிடிக்கு மடிந்தன’ என்பது போல.