மரம் சாய்வதற்கு முந்தின நாளே கூப்பிடுங்கள்

போன ஏப்ரலில் பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "அண்ணே, எங்க மாமியார் வச்ச பலாமரம். வீட்டை இடிச்சுக் கட்டறதால வெட்டும்படி ஆயிடுச்சு. ஏழு வில்லை அறுத்து வச்சிருக்கேன். அவங்க பிள்ளைங்க ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. அவங்க கோல நோட்டு ஒண்ணு இருக்கு, அதுலேருந்து ஒவ்வொரு கோலத்தை மேல போட்டுத் தரணும்."

கேட்கவே நன்றாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஏழு வில்லைகளும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பதினோரு நாள் ஆகியிருந்தது. ஏழிலும் விரிசல். மூன்றில் நடுவிலிருந்து பட்டை வரைக்கும் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. "ராத்திரியில டப்பு டப்புன்னு சத்தம் கேட்டுச்சு அண்ணே, பூனைன்னு நெனச்சோம்" என்றார். அது மரம் பிளக்கும் சத்தம்.

ராமமூர்த்தி நகரில் மரவேலைப் பட்டறை வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வீட்டு மரத்தின் துண்டோடு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வருகிறார்கள். அக்கறை இல்லாமல் இல்லை. நன்றாகக் காயட்டும் என்ற அக்கறையில்தான் வெயிலில் வைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பச்சை மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பட்டையிலிருந்து நடுவை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் சுற்றளவில் சுருங்கும். வளையல் இறுகிக்கொண்டே வருகிறது, உள்ளே இருக்கும் மணிக்கட்டு அந்த அளவுக்கு மெலியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையல் உடைந்துதானே ஆகவேண்டும்? வில்லையில் விழும் முக்கோண விரிசல் அதுதான்.

பலகைக்கு இந்தத் தொல்லை குறைவு. வில்லை என்பது மரத்தைக் குறுக்கே அறுப்பது. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன லட்சக்கணக்கான குழாய்களின் வாய் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும். ஈரம் அந்த வழியாக வேகமாக ஓடிவிடும். மேல்பரப்பு காய்ந்து சுருங்கும்போது உள்ளே இன்னும் பச்சையாகவே இருக்கும். பெங்களூரின் மார்ச், ஏப்ரல் வெயிலும் காற்றும் சேர்ந்தால் இதற்கு ஒரு வாரம்கூட வேண்டாம்.

ஆக, வேலை மரம் விழும் அன்றைக்கே தொடங்குகிறது. முந்தின நாளே ஒரு தச்சரிடம் பேசிவிட்டால், எந்த இடத்தில் அறுப்பது என்று அடையாளம் போட்டுத் தருவார். மரம் வெட்ட வருகிறவர்களுக்கு லாரியில் ஏற்றுகிற அளவுதான் கணக்கு. வில்லை கேட்டால் செயின் ரம்பத்தால் ஒரு பக்கம் ஓரங்குலம், மறு பக்கம் மூன்றங்குலமாக அறுத்துப் போட்டுவிடுவார்கள். ஓரடி விட்டமுள்ள மரம் என்றால் இரண்டங்குலக் கனம் கேளுங்கள். நேர் குறுக்காக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து, முட்டை வடிவத்தில் அறுத்தால் விரிசல் குறையும். தேவைக்கு மேல் இரண்டு மூன்று வில்லை கூடுதலாக எடுத்து வையுங்கள். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒன்றிரண்டு வெடிக்கத்தான் செய்யும்.

அறுத்த அன்று மாலைக்குள் இரண்டு முகத்திலும் மெழுகு பூசிவிடவேண்டும். மெழுகுவர்த்தி மெழுகே போதும். நேரே அடுப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். அது முடியாவிட்டால் சுவருக்கு அடித்து மீந்த எமல்ஷன் பெயிண்டை இரண்டு கை அடிக்கலாம். ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பூசினாலும் சரிதான். குழாய்களின் வாயை அடைக்கவேண்டும், அவ்வளவே. ஆனால் மரத்தைத் துளைக்கும் வண்டுக்கு மருந்து வைப்பதாக இருந்தால் அதை மெழுகுக்கு முன்னால் செய்யவேண்டும். வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரைப் பச்சை மரத்தில் அடித்தால் ஈரத்தோடு உள்ளே இறங்கும். வைரம் பாய்ந்த நடுப்பகுதியை வண்டு அதிகம் தொடாது, வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியைத்தான் மாவாக்கும். சாப்பாடு வைக்கிற தட்டாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இந்த மருந்து வேண்டாம்.

அப்புறம் நிழல். கட்டிலுக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ, நடுவில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஃபேன் காற்று நேரே படக்கூடாது. இரண்டங்குல வில்லை காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிவையுங்கள். மூன்று நான்கு வாரம் எடை இறங்காமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

ஏற்கனவே விரிசல் விட்டவற்றைத் தூக்கி எறியவேண்டியதில்லை. ரெசின் (ஊற்றினால் இறுகிப்போகும் பிசின்) ஊற்றி மூடித் தரச்சொல்லிப் பலர் கேட்கிறார்கள். மரம் முழுசாகக் காயாமல் ஊற்றினால் ரெசின் ஒரு பக்கம் விட்டுக்கொண்டு வந்துவிடும். எனக்குப் பிடித்தது பட்டாம்பூச்சிக் கட்டை. இடுப்பு சிறுத்த இரண்டு முக்கோணமாக வேறொரு கெட்டி மரத்தை வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே உளியால் குழி எடுத்து இறுக்குவது. ஜார்ஜ் நகாஷிமா என்ற மரக்கலைஞர் பெயரால் உலகமே இதை அறியும். அவர் 1930-களில் புதுச்சேரியில் கோல்கொண்ட் விடுதி கட்டும் வேலையை நின்று பார்த்தவர். விரிசலை மறைக்காமல், பிடித்து நிறுத்தியதை வெளிப்படையாகக் காட்டுகிற வேலை அது.

வில்லையோடு வருகிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி, "இதுக்கு எத்தனை வயசு?" என்பது. தேக்கில் வளையம் தெளிவாக விழும், எண்ணலாம். பலா, மா போன்றவற்றில் அப்படி நம்பி எண்ண முடியாது. குளிர்நாட்டு மரங்களைப்போல வருஷத்துக்கு ஒருமுறை வளர்ச்சி நின்று தொடங்கும் ஒழுங்கு நம் ஊர் மரங்கள் பலவற்றுக்கு இல்லை. எந்த மரம் என்றே தெரியாவிட்டால் மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே இனத்தை அடையாளம் கண்டு சொல்வார்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, இது எனக்கு ரொம்ப முக்கியம். உப்புத்தாள் போடும்போது பறக்கும் நுண்தூள் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-களிலேயே வகைப்படுத்திவிட்டது. கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் தேய்க்காதீர்கள். மாமரத்தில் முந்திரிக் குடும்பத்துக்கே உரிய எரிச்சல் பால் உண்டு. என்னிடம் வேலை பார்க்கும் பையனுக்குப் பச்சை மாங்கட்டை அறுத்த மறுநாள் முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போனது. ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகுதான் குப்பையில் போடவேண்டும்.

இன்னொன்று. நம் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரம்தானே என்று வெட்டிவிட முடியாது. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். தென்னை, யூகலிப்டஸ் போல விலக்குப் பெற்றவை சில உண்டு, எதற்கும் எழுதிக் கேட்டுவிடுங்கள். சந்தனக் கன்று தானாக முளைத்து வளர்ந்திருந்தால் வனத்துறையைக் கேட்காமல் ரம்பம் வைக்காதீர்கள். கலைக்காக ஒரு நல்ல மரத்தை வெட்டலாமா என்று கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கவாத்து செய்த கிளையிலேயே கைவிரல் அளவு முதல் தட்டு அளவு வரை வில்லை கிடைக்கும்.

அல்சூர் அம்மாவின் ஏழில் நான்கு, பட்டாம்பூச்சிக் கட்டையோடு நின்றுவிட்டன. மாமியாரின் நோட்டிலிருந்த புள்ளிக் கோலங்களைச் சூட்டுக்கோலால் போட்டேன். பலாவின் மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும், அதனால் கோட்டைக் கொஞ்சம் ஆழமாகவே இழுத்தேன். மீதி மூன்றைக் காப்பாற்ற முடியவில்லை. நல்லவேளை, அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் இன்னும் வரவில்லை, தரைக்கு மேல் இரண்டடி அடிமரம் அப்படியே நின்றது. மேல்பகுதி நாலங்குலத்தைக் கழித்துவிட்டு அறுத்தேன். ரம்பத்தில் பலாப்பால் ஒட்டும் அளவுக்கு உள்ளே பச்சையாக இருந்தது. மூன்று வில்லை எடுத்து அங்கேயே, அந்த அம்மாவின் கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதில் மெழுகு உருக்கிப் பூசினோம். அன்றைக்கு ஒவ்வொன்றும் நாலே முக்கால் கிலோ இருந்தது.

இப்போது என் பட்டறைப் பரணில் இருக்கின்றன. போன சனிக்கிழமை நிறுத்தேன். ஒன்று 3 கிலோ 140 கிராம், மூன்று வாரமாக அதே எடை. மற்ற இரண்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. மூன்றிலும் மயிரிழை விரிசல்கூட இல்லை. அந்த அம்மாவுக்குப் போன் செய்து, கடைசி மூன்று கோலத்தையும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.